ரிப்கெனுக்குப் பக்கத்தில் நின்றவர்

ஜூன் 20, 2024, வியாழன்: எடிசன் – பிங்ஹாம்டன் – ஒனியான்டா

காலை ஏழு மணிக்கே வியர்த்துவிட்டது. இந்த வாரம் நியூ ஜெர்சிக்குச் சித்திரை மாதம் வந்திருக்கிறது, அதுவும் வேப்பமரம் இல்லாத சித்திரை. தெருவில் பாதிப் பேர் கடற்கரைக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் எதிர்த்திசையில், வடக்கே, கூப்பர்ஸ்டவுன் போகிறேன். பேஸ்பால் விளையாட்டின் புகழ்மண்டபம் இருக்கும் ஊர். ஆனால் எனக்கு வேண்டிய ஆட்கள் யாரும் அந்த மண்டபத்தில் இல்லை.

விஷயம் இதுதான். மூன்று வருடம் முன்பு எங்கள் தெருவில் ஒரு கராஜ் சேலில், பத்து டாலருக்கு ஒரு செருப்புப் பெட்டி வாங்கினேன். உள்ளே 1987ஆம் வருட டாப்ஸ் கம்பெனியின் பேஸ்பால் கார்டுகள், மரப்பலகை போல ஓரம் போட்டவை. விற்றவர் நேர்மையானவர். "இதெல்லாம் ஒன்றுக்கும் உதவாது" என்று சொல்லிவிட்டுத்தான் காசை வாங்கினார். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் கார்டுகளைக் கணக்கு வழக்கில்லாமல் அச்சடித்துக் குவித்துவிட்டார்கள். அந்தக் காலத்துக்கே இங்கே 'ஜங்க் வாக்ஸ்' என்று பெயர். அதிலும் நட்சத்திரம் ஆகாதவர்களின் கார்டுக்குக் 'காமன்ஸ்' என்று பெயர். பழைய நாளில் பையன்கள் இவற்றைத் துணி கிளிப்பால் சைக்கிள் கம்பியில் மாட்டி, சக்கரம் சுற்றும்போது படபடவென்று சத்தம் வரவைப்பார்களாம்.

சின்ன வயதில் தீப்பெட்டிப் படம் சேர்த்தவன் நான். அந்தப் பெட்டியைக் கிளறிய ராத்திரி பழைய பித்து திரும்ப வந்துவிட்டது. எனக்கென்று ஒரு விதியும் வைத்துக்கொண்டேன்: நூறு ஆட்டத்துக்குக் குறைவாக ஆடியவர்கள் மட்டும். கார்டுக்கு ஒரு டாலருக்கு மேல் ஒரு காசு கொடுப்பதில்லை.

போகும் வழியில் பென்சில்வேனியாவின் டூரியா என்ற சின்ன ஊருக்கு வண்டியைத் திருப்பினேன். டாப்ஸ் புரூக்ளினில் தொடங்கிய கம்பெனி. பிற்பாடு கார்டும் பபிள்கம்மும் தயாராகி வந்தது இந்த ஊரில்தான். தொழிற்சாலை மூடிப் பல வருடம் ஆகிறது, பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு பெட்ரோல் பங்கில் தண்ணீர் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். அங்கே நின்றபோது நினைவுக்கு வந்தது 'ஸ்டேக் காசு'. சிறு லீக்கில், அதாவது பெரிய லீக்குக்குக் கீழ்ப்படியில், ஆடும் பையன்களிடம் டாப்ஸ் ஆட்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஆளுக்கு ஐந்து டாலர் கொடுப்பார்களாம், ஒரு வேளை ஸ்டேக் சாப்பிட. யார் மேலே வருவான், யார் அப்படியே போவான் என்று தெரியாத வயதில் எல்லோருக்கும் ஒரே ஐந்து டாலர்.

பிங்ஹாம்டனில் என் மச்சினன் எம்.எஸ். படிக்கிறான். அவன் அறை வாசலில் பையோடு நின்றான், காதில் ஒயர். டி20 உலகக் கோப்பை, இந்தியா–ஆப்கானிஸ்தான். ஏறி உட்கார்ந்ததும் முதல் கேள்வி: "அத்தான், பத்துப் பைசா பெறாத ஆளுங்களைத் தேடியா இவ்வளவு தூரம்?"

சாப்பாடு வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தேன். இந்த ஊரின் சொந்தச் சரக்கு 'ஸ்பீடி'. வினிகரிலும் மூலிகையிலும் ஊறிய கறித்துண்டுகளைக் கம்பியில் சுட்டு, ஒரு ரொட்டித் துண்டால் பிடித்து உருவித் தருகிறார்கள். புளிப்பு தூக்கல், காரம் சுத்தமாக இல்லை. மச்சினன் பையில் இருந்து இட்லிப் பொடி எடுத்தான். கடைக்காரம்மா எட்டிப் பார்த்து, ஒரு சிட்டிகை வாங்கி வாயில் போட்டு, ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். இருவருக்கும் சேர்த்து 31 டாலர். இந்தியா 47 ரன்னில் ஜெயித்தது.

சாயங்காலம் ஒனியான்டா. டமாஷ்கி மைதானம் ஒரு பூங்காவுக்குள் இருக்கிறது. கதவு பூட்டியிருந்ததால் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். ஒரு காலத்தில் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் சிறு லீக் பையன்கள் ஆடிய இடம். நாயோடு நடந்து வந்த பெரியவர் ஒருவர் நாங்கள் கேட்காமலே நின்று, 1982இல் ஜான் எல்வே இங்கே ஆடியதைப் பார்த்தேன் என்றார். பிறகு அமெரிக்கக் கால்பந்தில் பெரிய ஆளான அதே எல்வேதான். "அவனோடு ஆடிய மற்றவர்கள்?" என்று கேட்டேன். நாயைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார். "நல்ல பையன்கள்" என்றார்.

ராத்திரிதான் வினை. பதிவு செய்த விடுதியில் எங்கள் பெயரே இல்லை. கோடை முழுக்க இந்தப் பக்கம் சிறுவர் பேஸ்பால் போட்டிகள், அறைகளெல்லாம் பெற்றோர் கையில். மூன்றாவது இடத்தில் 214 டாலருக்கு ஓர் அறை கிடைத்தது. அதில் இருந்த ஏசி, குளிர்ச்சி தருவதைவிட லாரி ஏற்றம் ஏறும் சத்தம் தருவதில் கவனமாக இருந்தது.

ஜூன் 21, வெள்ளி: கூப்பர்ஸ்டவுன்

ஏரிக்கரையில் ஒரே ஒரு பெரிய தெரு. அதுதான் ஊர். அந்தத் தெருவில் கடைக்குக் கடை பேஸ்பால்: மட்டை, தொப்பி, கார்டு, மறுபடி தொப்பி. வண்டி நிறுத்த அரை மணி நேரம் சுற்றினோம். நடைபாதையில் சீருடைப் பையன்கள் கழுத்துத் துண்டு நிறைய அலங்கார ஊசிகள், அதாவது 'பின்', குத்திக்கொண்டு ஒருவரையொருவர் மறித்துப் பண்டமாற்று செய்கிறார்கள். பத்து வயதுப் பையன் ஒருவன் மச்சினனிடம் மரியாதையாக, "சார், உங்களிடம் மாற்ற பின் இருக்கிறதா?" என்று கேட்டான். இவன் பையைத் துழாவி ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து நீட்ட, பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு தவளை பின்னைக் கழற்றிக் கொடுத்தான். இன்றைக்கு நடந்த ஒரே நியாயமான வியாபாரம் அது.

புகழ்மண்டபத்தில் கூட்டம் முழுக்க ஒரே இடத்தில் நின்றது. பேஸ்பால் மேதை வில்லி மேஸ் செவ்வாய்க்கிழமைதான் இறந்தார், 93 வயது. அவருடைய வெண்கலத் தகட்டுக்கு அடியில் மலர்வளையம். தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்கிறார்கள், பலர் எதுவும் பேசவில்லை. கிழவர் ஒருவர் தகட்டைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டார். நானும் கொஞ்ச நேரம் நின்றேன்.

மாடியில் கார்டுகளுக்கென்றே ஒரு கூடம். 1909 வாக்கில் சிகரெட் பெட்டிக்குள் வைத்து வந்த, கார்டுகளிலேயே பேர்போன ஹோனஸ் வாக்னர் கார்டைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம். மச்சினனுக்கு இங்கேதான் உயிர் வந்தது. 1952 டாப்ஸ் மிக்கி மேன்டில் கார்டு ஒன்று 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது என்றதும், "ஒரு அட்டையா?" என்று மூன்று தடவை கேட்டான். அந்த வருடக் கார்டுகள் விற்காமல் கிடங்கில் தேங்கி, 1960இல் படகில் ஏற்றி எங்கள் நியூ ஜெர்சிக் கடலில் கொட்டியதைச் சொன்னேன். மேன்டில் மூழ்கினார் என்றுதான் எல்லோரும் அங்கலாய்க்கிறார்கள். கூடவே மூழ்கிய மற்ற ஆட்களைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

மதியம் நூலகம். முன்கூட்டியே எழுதி நேரம் வாங்கியிருந்தேன். பெரிய லீக்கில் ஒரே ஓர் ஆட்டம் ஆடியவருக்குக்கூட இங்கே ஒரு கோப்பு உண்டு, அப்படி இருபதாயிரத்துக்கும் மேல். நான் கேட்டது பாப் பானருடைய கோப்பு. எடுத்து வந்த பெண், "ரிப்கெனுடையதும் வேண்டுமா?" என்று கேட்டார். பானரைக் கேட்கிறவர்கள் எல்லோரும் உண்மையில் ரிப்கெனுக்காக வருகிறவர்கள் என்று நினைத்திருப்பார். வேண்டாம் என்றேன். கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு ஒரு விரல் கனம்கூட இல்லாத உறையை என் முன்னால் வைத்தார்.

பானர் யார் என்று சொல்ல வேண்டும். 1982இல் டாப்ஸ் போட்ட 21ஆம் எண் கார்டு, 'ஓரியோல்ஸ் எதிர்கால நட்சத்திரங்கள்'. பால்டிமோர் அணியின் மூன்று புதுப் பையன்கள் ஒரே கார்டில்: பாப் பானர், நடுவில் கால் ரிப்கென், அப்புறம் ஜெஃப் ஷ்னைடர். ரிப்கென் 3001 ஆட்டங்கள் ஆடினார். பானர் 61. ஷ்னைடர் 11. மூவரில் ஒருவர் மட்டும் கீழே வெண்கலத் தகட்டில் இருக்கிறார். 2007இல் அவரைச் சேர்த்த நாளில் இந்தச் சின்ன ஊருக்கு எழுபதாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள்.

இப்படி நடக்கும் என்று அன்றைக்கு எண்களைப் பார்த்த யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள். 1981இல் பெரிய லீக்கில் ரிப்கென் 39 முறை மட்டை பிடித்து அடித்தது 5. சராசரி .128. பானர் 27 முறையில் 8, சராசரி .296. நம் கணக்கில் சொன்னால், ஒருவன் அரைசதம் அடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான், மற்றவன் தொட்டதெல்லாம் அவுட். கார்டு வெளிவந்தபோது மட்டையில் தேறியவர் பானர்தான்.

பானர் ஆடிய இடம் ஷார்ட்ஸ்டாப், இரண்டாவது தளத்துக்கும் மூன்றாவது தளத்துக்கும் நடுவே. 1982 தொடக்கத்தில் ரிப்கென் பெரும்பாலும் மூன்றாவது தளத்தில் நின்றார். 1982 ஜூலை 1ஆம் தேதி மேனேஜர் ஏர்ல் வீவர் ரிப்கெனை ஷார்ட்ஸ்டாப்புக்கு நகர்த்தினார். அதற்கு ஒரு மாதம் முன்பு, மே 30 முதல், ரிப்கென் ஓர் ஆட்டமும் விடாமல் ஆடத் தொடங்கியிருந்தார். அப்படியே 1998 செப்டம்பர் வரை, தொடர்ச்சியாக 2632 ஆட்டம். உலகமே மெச்சுகிற சாதனைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முன் இருக்கைக்காரன் பதினாறு வருடம் ஒரு நாளும் லீவே போடவில்லை என்றால் வரிசையில் நிற்கிறவன் கதி என்ன? பானர் 1983இல் ஆறு ஆட்டம் தலைகாட்டினார், மட்டை பிடிக்க ஒரு வாய்ப்பும் வரவில்லை. அதோடு சரி. பிற்பாடு ஜாம்பியாவுக்கு மிஷனரியாகப் போய்விட்டார்.

எனக்குச் சிக்கல் என்னவென்றால், பானர் என் விதிக்குப் பொருந்துகிற ஆள், அந்தக் கார்டு பொருந்தவில்லை. பக்கத்தில் ரிப்கென் நிற்பதால் விலை ஏறிக் கிடக்கிறது. பெரிய தெருவில் நான்கு கடை ஏறி இறங்கினேன். 40, 35, 45. நான்காவது கடையில் பிளாஸ்டிக் பேழைக்குள் தரச்சீட்டோடு ஒன்று, விலையைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டேன். "எனக்கு இடது பக்க ஆள் மட்டும் போதும்" என்று ஒரு கடைக்காரரிடம் விளையாட்டாகச் சொன்னேன். அவர் சிரிக்காமல், "கத்தரிக்கோல் தரட்டுமா?" என்றார்.

அதே மனிதர் நாங்கள் இந்தியா என்று தெரிந்ததும் ரிங்கு சிங்கை விசாரித்தார். மச்சினன் உடனே கொல்கத்தா அணி, ஒரே ஓவரில் ஐந்து சிக்ஸர் என்று ஆரம்பித்துவிட்டான். அவர் கேட்டது வேறு ரிங்கு சிங். தொலைக்காட்சிப் போட்டியில் வேகமாகப் பந்து எறிந்து, 2008இல் தினேஷ் படேலோடு பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் பெற்றவர். இருவருமே பெரிய லீக் வரை போகவில்லை. பேச்சு இரண்டு தண்டவாளத்தில் ஐந்து நிமிடம் ஓடிய பிறகுதான் மூவருக்கும் புரிந்தது.

இருபத்தைந்து காசுப் பெட்டியில் எனக்குப் பதினோரு காமன்ஸ் கிடைத்தன. ஆச்சரியம், மச்சினனும் ஒன்று வாங்கினான். யு.எல். வாஷிங்டன், கான்சஸ் சிட்டி ராயல்ஸ், வாயில் பல்குச்சியோடு ஆடுவதற்குப் பேர்போனவர். அவர் கணக்கு தொள்ளாயிரம் ஆட்டம், என் விதிக்கு ஒத்துவராது. இவனுக்குப் பல்குச்சி பொருட்டில்லை. "யு.எல்.னா என்ன அத்தான்?" ஒன்றும் இல்லை என்றேன். விரிவே கிடையாது, பெயரே யு.எல்.தான். இனிஷியலை விரித்து எழுதச் சொல்லி இந்த நாட்டில் ஒவ்வொரு படிவத்திலும் அடி வாங்கிய பையன், அந்தக் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

ஜூன் 22, சனி: 20ஆம் எண் நெடுஞ்சாலை, பௌக்வில், சிரக்யூஸ்

காலை உணவு முட்டை, உருளைக்கிழங்கு வறுவல், காபி என்ற பெயரில் வெந்நீர். 20ஆம் எண் சாலை மேட்டிலும் பள்ளத்திலுமாகப் போகிறது. மேட்டில் இந்தியா–வங்கதேசம் ஸ்கோர் கிடைக்கும், பள்ளத்தில் சிக்னல் போய்விடும். ஒவ்வொரு மேட்டிலும் ஒரு விக்கெட் விழுந்திருந்தது.

பௌக்வில் பழைய பொருள் கடைகளுக்குப் பேர்போன ஊர். ஆகஸ்டில் வயல் முழுக்கச் சந்தை போடுவார்களாம், இப்போது கொட்டகைக் கடைகள் மட்டும். நாங்கள் நுழைந்த கொட்டகையில் ஏசி இல்லை, இரண்டு பெரிய மின்விசிறிகள் சூட்டை இந்த மூலையில் இருந்து அந்த மூலைக்கு மாற்றிக்கொண்டிருந்தன. பால் கேன், தையல் மிஷின், யாரோ ஒருவரின் கல்யாண போட்டோ. கடையில் எழுபது வயது அம்மா ஒருவர். எங்கள் முகத்தைப் பார்த்ததும் விலைச் சீட்டுக்கு முன்னால் தண்ணீர் பாட்டிலைத்தான் நீட்டினார். காசு வேண்டாம் என்றுவிட்டார்.

சுருட்டுப் பெட்டி ஒன்றில் கார்டுகள். வழக்கம்போல விரலால் தள்ளிக்கொண்டே போனேன். பாதியில் அது வந்தது. 21ஆம் எண். உறைமேல் பென்சிலில் எழுதியிருந்தது: ரிப்கென், மடிப்பு, 5 டாலர்.

யாரோ ஒரு பையன் கால்சட்டைப் பையில் வைக்க இரண்டாக மடித்திருக்கிறான். மடிப்பு நட்டநடுவில், ரிப்கென் முகத்தின் மேலேயே வெள்ளைக் கோடாக விழுந்திருக்கிறது. நடுவில் நின்றதற்கு அவர் கொடுத்த விலை. பானர் மேல் ஒரு கீறல் இல்லை, நேற்று அச்சடித்த மாதிரி. ஷ்னைடரும் அப்படியே.

அந்த அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்காத குறை. "நல்ல நிலையில் இருந்தால் நல்ல விலைக்குப் போயிருக்கும், பாவம், முகத்திலேயே விழுந்துவிட்டது. மூன்று டாலர் கொடுங்கள், போதும்." எனக்குக் கூச்சமாகிவிட்டது. எனக்குக் குறையே இல்லாத பொருளுக்குக் குறைக்கான தள்ளுபடியை வாங்குவது சரியா? ஐந்தே தருகிறேன் என்றேன். அவர் விடவில்லை. நானும் காரணத்தைச் சொல்லிவிட்டேன்: எனக்கு வேண்டியது இந்த ஆள், ஓரத்தில் இருக்கிறவர். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பானரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உங்களுக்கு உறவா?" என்றார்.

கடைசியில் நான்கு டாலர். என் ஒரு டாலர் விதி போயிற்று. வெளியே வந்ததும் மச்சினன் கணக்குப் போட்டான்: பெட்ரோல், இரண்டு ராத்திரி அறை, நுழைவுச்சீட்டு, எல்லாம் சேர்த்தால் அந்தக் கார்டு எழுநூறு டாலருக்கு மேல். இந்தியா 50 ரன்னில் ஜெயித்திருந்தது, அதனால் மேற்கொண்டு திட்டவில்லை.

ராத்திரி சிரக்யூஸ். சின்ன உருளைக்கிழங்கை உப்பு அள்ளிக் கொட்டிய தண்ணீரில் வேகவைத்து, உருக்கிய வெண்ணெயில் முக்கித் தருகிறார்கள். இந்த ஊர் உப்பளத்தில் வேலை செய்த ஐரிஷ் தொழிலாளிகளின் சாப்பாடாம். தோலில் உப்பு பூத்திருக்கிறது, உள்ளே மாவு. மூன்று நாளில் இதுதான் என் நாக்குக்குப் பிடித்தது, இரண்டாவது தட்டும் வாங்கினோம்.

இந்த ஊரில்தான் ஜெஃபர்சன் பர்டிக் இருந்தார். மின்சாதனத் தொழிற்சாலையில் சாதாரண வேலை, கல்யாணம் இல்லை, மூட்டுவாதம் கையை முடக்கிக்கொண்டிருந்தது. மூன்று லட்சத்துக்கும் மேல் அச்சுத் துண்டுகள் சேர்த்தார். அதில் பேஸ்பால் கார்டு மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல். எல்லாவற்றையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு இலவசமாகக் கொடுத்து, வருடக்கணக்கில் அங்கே உட்கார்ந்து தானே ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் ஒட்டி முடித்தார், மார்ச்சில் இறந்துபோனார். பசை போட்டு ஒட்டினார் என்பதைக் கேட்டால் இன்றைய கார்டு வியாபாரிகளுக்கு நெஞ்சு வலிக்கும். அவரிடம் வாக்னர் கார்டும் இருந்தது. அதற்கும் அதே பசைதான், காமன்ஸுக்கும் அதே பசைதான்.

ஜூன் 23, ஞாயிறு: வீடு

மழை. பிங்ஹாம்டனில் மச்சினனை இறக்கிவிட்டேன். பல்குச்சி வாஷிங்டனை மடிக்கணினி மூடியில் சொருகிக்கொண்டு இறங்கினான். கதவைச் சாத்தப் போனவன் குனிந்து, "அந்த ஷ்னைடர் அப்புறம் என்ன ஆனார் அத்தான்?" என்றான். தெரியாது என்றேன். "தேடிப் பார்க்கிறேன்" என்று மழையில் ஓடினான்.

பென்சில்வேனியா முழுக்கக் கண்ணாடித் துடைப்பான் நிற்கவில்லை. ஒரு மணி நேரம் ஒரு லாரியின் பின்விளக்கை மட்டும் நம்பி ஓட்டினேன். வீட்டுக்கு வரும்போது இரவு ஒன்பது. ரசம் இருந்தது, அப்பளம் இருந்தது. சாப்பாட்டு மேஜையில் கார்டை வைத்தேன். மனைவி ஈரக் கையைத் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தாள்.

"மூணு பேர் இருக்காங்களே, இதுல பெரிய ஆள் யாரு?"

"மடிப்பு விழுந்திருக்கு பாரு, அவர்தான்."